நூறு ஏக்கருக்குக் குறைந்தால் அது கண்மாய் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கும் முன்பு ஒவ்வோர் ஆண்டும் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரே மாதிரியான செய்தி ஒன்று வருகிறது. 'கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற விவசாயிகள் கோரிக்கை.' படமும் கிட்டத்தட்ட அதே படம்தான். சீமைக்கருவேலம் மூடிய கரை, அதைக் கை நீட்டிக் காட்டும் நாலைந்து பேர். கடைசி வரியில் அதிகாரி ஒருவர் 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்பார். எந்தச் சட்டத்தின்படி எடுப்பீர்கள் என்று உங்கள் செய்தியாளர் யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை. அதைக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும் என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். 1981-ல் வேலைக்குச் சேர்ந்தபோது சிவகங்கை தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் ராமநாதபுரம்தான். நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது யு.டி.ஆர்., மும்முரமாக நடந்த காலம். கண்மாய் எல்லைக் கற்களைத் தேடி கருவேல முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு அலைந்ததுதான் என் இளமைக் காலம். இப்போது காளையார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் கொஞ்சம் நஞ்சையும் மிளகாய்க் கொல்லையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், அறுபது ஏக்கர் சொச்சம். சிக்கலே இந்த எண்ணில்தான் ஆரம்பிக்கிறது. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் அந்தக் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் அளவில் இருக்கும். அதில் நீர்வளத் துறையிடம் இருப்பது மூன்றில் ஒரு பங்கு சொச்சம். மீதியில் பெரும்பகுதி எங்களுடையதைப் போலச் சின்னச் சின்னக் கண்மாய்கள்தான்.

சரி, பொறுப்பு யாரிடம் இருந்தால் என்ன என்று கேட்கலாம். 2007-ல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டத்தின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பளித்த பிறகு வந்த சட்டம் இது. நல்ல சட்டம் என்றே சொல்வேன். ஏரியை அளக்கச் சொல்கிறது, எல்லையைக் குறிக்கச் சொல்கிறது, வரைபடமும் பதிவேடும் வைக்கச் சொல்கிறது, ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து வெளியேற்ற வழி சொல்கிறது. அளவர் என்ற முறையில் எனக்கு அதில் பிடித்ததே இந்த 'முதலில் அள' என்பதுதான். ஆனால் எந்த ஏரிக்கு? பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டிலும் நிர்வாகத்திலும் உள்ள ஏரிகளுக்கு என்று முகப்பிலேயே எழுதிவிட்டார்கள். அந்தத் துறையிலிருந்து நீர்வளத் துறை 2021-ல் தனியாகப் பிரிந்தும்விட்டது. எங்கள் கண்மாய் அன்றைக்கும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றது, இன்றைக்கும் வெளியேதான் நிற்கிறது.

வெளியே நிற்கும் கண்மாய்க்கு இருப்பது 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், புறம்போக்கு நிலத்தை எவனாவது உழுதுவிட்டால் அவனிடம் தீர்வையும் அபராதமும் வாங்க வேண்டும் என்ற வருவாய்க் கணக்கில் எழுதியது. தண்ணீரைப் பற்றிய கவலை அதில் கிடையாது. நடைமுறை எப்படி என்றால், முதலில் ஏழாம் பிரிவின்படி விளக்கம் கேட்கும் 'ஏழு நோட்டீஸ்', அப்புறம் ஆறாம் பிரிவின்படி வெளியேறச் சொல்லும் 'ஆறு நோட்டீஸ்', அதற்கு மேல் மேல்முறையீடு. இதற்கிடையில் வருஷா வருஷம் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற ஊர்ப் பயிர்க் கணக்கில் ஆக்கிரமிப்பைக் குறித்து, அபராதம் விதிக்க பி-மெமோ என்ற சீட்டுப் போடுவார். ஜமாபந்தி என்ற வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கையில் அதைச் சரிபார்ப்பார்கள். உள்வாயில், அதாவது கண்மாயின் தண்ணீர் நிற்கும் பரப்பில், பயிர் வைத்தவர் ஒரு சின்னத் தொகையைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்வார்.

இந்த ரசீது இருக்கிறதே, இதுதான் பெரிய வேடிக்கை. பத்துப் பதினைந்து வருஷம் பி-மெமோ கட்டியவர் அந்த ரசீதுகளை நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பார். ஒருநாள் மனுவோடு வந்து நிற்பார்: 'அய்யா, இத்தனை வருஷமா நான்தான் அனுபவிச்சு வர்றேன், அரசாங்கமே பணம் வாங்கியிருக்கு, பட்டா கொடுங்க.' அபராதம் கட்டிய சீட்டு அனுபவ ஆதாரமாக மாறிவிடும். நான் பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட கட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் மஞ்சள் பையில் ஆதி முதல் அந்தம் வரை வரிசை குலையாமல் வைத்திருந்தார். எங்கள் அலுவலகக் கோப்புகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இனி, தண்ணீர் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். எங்கள் பக்கம் கண்மாய் எதுவும் தனியாக நிற்பதில்லை. எங்களுக்கு மேலே உள்ள ஊரின் கண்மாய் நிரம்பி, மிகைநீர் வழியும் கலுங்கு வழியே மறுகால் போனால் அந்தத் தண்ணீர் வரத்துக்கால் என்ற வாய்க்காலில் இறங்கி எங்கள் கண்மாய்க்கு வரும். எங்கள் கலுங்கு போனால் கீழூர்க்காரனுக்கு. சங்கிலி மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்தது. எங்களுக்கு மேலே இருக்கும் கண்மாய் நூறு ஏக்கருக்கு மேற்பட்டது, ஆகவே நீர்வளத் துறை. அதன் கலுங்கைத் தாண்டியதும் வரத்துக்கால், வாய்க்கால் புறம்போக்கு என்ற பெயரில் வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கிறது. வழியில் ஒரு தார்ச்சாலை குறுக்கிடுகிறது. அதன் அடியில் இருக்கும் குழாய் சாலை போட்டவர்களுடையது. கடைசியில் கண்மாய் ஒன்றியத்துடையது. பழைய புலப்படத்தில் அந்த வரத்துக்கால் ஒரு மாட்டு வண்டி தாராளமாகத் திரும்பும் அகலத்துக்கு இருக்கிறது. இன்று நான் போய் நின்றால் இரண்டு காலையும் அகட்டி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வைத்துவிடலாம். இரண்டு பக்கமும் மனை போட்டு, கல் ஊன்றி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சாலைக்கு அடியில் போட்டிருக்கும் குழாயோ பன்றிக்குட்டி நுழையும் அளவுதான். மேலே கலுங்கு நிரம்பிப் போகும், கீழே எங்கள் கண்மாய் பாதிகூட எட்டாது. தண்ணீர் எங்கே போகிறது? மனையைச் சுற்றித் தேங்கி, அங்கே வீடு கட்டியவர்கள் 'வெள்ளம்' என்று மறியல் செய்கிறார்கள்.

இதை எழுதிக்கொடுத்தால் ஒவ்வொரு மேசையிலும் ஒரே பதில். 'அய்யா, இது எங்க லிஸ்ட்ல இல்லையே.' அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. லிஸ்டே அப்படித்தான் இருக்கிறது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு அரசுக்கு வந்த கண்மாய்களில் எது யாருடையது என்ற குழப்பம் வேறு சில ஊர்களில் இன்றும் தீரவில்லை. சிவகங்கையும் ராமநாதபுரமும் ஜமீன் பூமி என்பதால் எங்கள் பக்கம் இது அதிகம். விவசாயியிடம் அரசே நேரடியாக வரி வாங்கிய ராயத்துவாரி மாவட்டங்களில் முன்பே அளந்து தொகுத்துவிட்டார்கள். இங்கே 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் முறையான அளவையும் நிலவரித் திட்டமும் வந்தன. அதற்குள் உள்வாய் ஓரங்களில் என்னென்னவோ நடந்திருந்தது.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2015-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இந்த விஷயத்தைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2007 சட்டத்தின் வரம்புக்குள் வராத நீர்நிலைகளுக்கும் 2005 தீர்ப்பின் உத்தரவுகள் பொருந்தும், இந்தச் சட்டம் வந்ததால் அவை நீர்த்துப்போகவில்லை என்று. அப்படியானால் சட்டத்திலேயே அதை எழுதிவிட வேண்டியதுதானே? தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு ஒருவர் மதுரைக்குப் போய் ரிட் போட வேண்டியிருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம், பேருந்துச் செலவு, ஊருக்குள் பகை. இதையெல்லாம் தாங்கக்கூடிய ஆள் இருக்கும் ஊரில் கண்மாய் பிழைக்கிறது. இல்லாத ஊரில் மனையாகிறது.

ஆக்கிரமிப்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கண்மாய்க்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி எஜமான் உண்டு. மண்ணுக்குக் கனிமத் துறை. மரத்தை ஏலம் விட ஒரு நடைமுறை, மீன்பாசிக் குத்தகைக்கு இன்னொன்று. மீன்பாசிக் குத்தகையில் நடக்கும் கூத்து விவசாயிகளுக்குத் தெரியும். நமக்குத் தை, மாசி வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும். குத்தகை எடுத்தவருக்கு மீன் பிடிக்க, தண்ணீர் வடிய வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிட்டு, காலையில் 'அடைப்பு கழன்றுவிட்டது' என்பார்கள். முன்பு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் ஒருவர்தான். களத்தில் அவருக்கு நெல் அளந்துவிட்டுத்தான் மற்றவன் மூட்டை கட்டுவான். இன்று எங்கள் ஊரில் மடைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கும் ஒரு சட்டம் இருந்தது. 1858-ல் சென்னை மாகாணத்துக்குப் போட்ட கட்டாய உழைப்புச் சட்டம். ஊர் வழக்கப்படி எல்லாரும் கூடிச் செய்யும் பாசன வேலைக்குக் காரணமில்லாமல் வராதவரிடம், அவர் செய்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கலாம் என்றது. அந்த உழைப்பை யார் மீது சுமத்தினார்கள், ஊரில் கீழ்ப்படியில் வைக்கப்பட்டிருந்தவர்கள் எப்படிக் கூலி இல்லாமல் முதுகொடிந்தார்கள் என்பதும் தெரிந்ததே. அந்தச் சட்டத்தை மீட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லும் பைத்தியக்காரன் இல்லை நான். ஆனால் அதற்கு மாற்றாக நாம் என்ன எழுதினோம்? 2000-ம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டம் நீர்ப்பயன்படுத்துவோர் சங்கம் அமைக்கச் சொன்னது. நடைமுறையில் அது நீர்வளத் துறைப் பாசனங்களோடு நின்றுவிட்டது. 2017-ல் குடிமராமத்துத் திட்டம் வந்தபோது விவசாயிகள் பத்து சதவீதம் பங்கு போட்டுச் சங்கம் மூலம் வேலை செய்யலாம் என்றார்கள். பல ஊர்களில் சங்கமே அந்த வேலைக்காகப் பதிவு செய்யப்பட்டது. வேலை முடிந்ததும் சங்கமும் முடிந்தது. சின்னக் கண்மாயின் ஆயக்கட்டுதாரர்களுக்கு மடையைப் பூட்டும் அதிகாரத்தையோ, மீன்பாசிக் குத்தகைக்கு நிபந்தனை போடும் உரிமையையோ கொடுக்கும் நிரந்தரச் சட்டம் இல்லை.

விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணமும் கைவசம் இருக்கிறது. வண்டல் மண் எடுக்க முன்பு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை போய், கனிமத் துறையிலும் காத்துக் கிடக்க வேண்டும். அனுமதி கையில் வரும்போது மழை வந்திருக்கும். 2024-ல் சிறுகனிம விதியைத் திருத்தி வட்டாட்சியர் மட்டத்திலேயே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 என்று கணக்கு. அதன் பிறகு கோடையில் எங்கள் ஊரிலும் டிராக்டர் டிராக்டராக வண்டல் அடித்தோம். என் மிளகாய்க் கொல்லையில் அந்த வருஷம் செடி நின்ற நிலையே வேறு. (வண்டல் என்ற பெயரில் அடியில் இருக்கும் கிராவலைத் தோண்டி விற்றவர்களும் உண்டு. கரையடியில் ஆளுயரக் குழி போட்டவர்களும் உண்டு. மேலாகச் சுரண்டி எடுக்க வேண்டியதை ஒரே இடத்தில் கிணறாக்கினால் கரைக்குத்தான் ஆபத்து. அது மேற்பார்வைக் குறை. விதியைக் குற்றம் சொல்ல மாட்டேன்.) அரசு மனது வைத்தால் விதி மாறுகிறது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

மனது எங்கே வேகமாகப் போகிறது என்பதும் தெரிகிறது. 2023-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஒன்றைச் சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். பெரிய திட்டத்துக்கு எடுக்கும் நிலத்தின் நடுவே நீர்நிலை, வாய்க்கால் இருந்தால் அதையும் சேர்த்து ஒருங்கிணைக்க வழி செய்யும் சட்டம். விவசாய சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் நடைமுறைக்கு வந்தது. மறுபக்கம், நிலத்தடி நீருக்கென்று 2003-ல் போட்ட சட்டத்தை நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013-ல் ரத்து செய்தார்கள். கண்மாய் பெருகினால்தான் கிணறு ஊறும் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். 2007 சட்டத்தில் 'பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள' என்று வரும் இடத்தில், ஊராட்சி ஒன்றியக் கண்மாய், முன்னாள் ஜமீன் கண்மாய், ஊருணி உட்பட அரசுக்குச் சொந்தமான எல்லா நீர்நிலைகளும் என்று திருத்தட்டும். அதோடு மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து கீழ்க் கண்மாய் வரையுள்ள வரத்துக்காலைக் கண்மாயின் உறுப்பாகவே சேர்த்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் அளந்து, ஒரே அதிகாரியின் பொறுப்பில் வைக்கட்டும். அளவை நடக்கும்போது ஊர்க்காரர்கள் இருக்க வேண்டும், முழுக்கொள்ளளவு மட்டம் எங்கே வருகிறது என்று ஆயக்கட்டுதாரர் முன்னிலையில் கல் நட வேண்டும், வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். தண்ணீர் எதுவரை வந்து நிற்கும் என்பது அங்கே மாடு மேய்த்தவனுக்குத் தெரிகிற அளவுக்கு அளவருக்குத் தெரியாது. இதை நாற்பது வருஷம் சங்கிலி பிடித்தவனாகச் சொல்கிறேன், மேசையில் உட்கார்ந்து சொல்லவில்லை.

நீர்நிலை நிலத்துக்குப் போட்ட பி-மெமோவைப் பட்டா கேட்பதற்கு ஆதாரமாகக் காட்ட முடியாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். சின்னக் கண்மாய்க்கும் ஆயக்கட்டுதாரர் சங்கம் சட்டப்படி அமைய வேண்டும். அதில் பட்டாதாரர் மட்டும் இல்லாமல் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுபவரும், கண்மாய்க் கரையில் ஆடு மாடு வைத்துப் பிழைக்கும் பெண்களும் இருக்க வேண்டும். மீன்பாசிக் குத்தகைப் பத்திரத்தில் மடையைத் தொட்டால் குத்தகை ரத்து என்று ஒரு வரி சேர்த்தால்கூட எங்கள் ஊரில் பாதிச் சண்டை நின்றுவிடும்.

இதற்கு இரண்டு விதமான ஆட்சேபம் வரும். இருக்கிற சட்டத்தையே அமல்படுத்தவில்லை, புதிதாக எதற்கு என்பது ஒன்று. நேர்மையான வட்டாட்சியர் ஒருவர் வந்து அமல்படுத்தப் புறப்பட்டாலும் அவர் கையில் இருப்பது 1905 சட்டம். அவர் மாறுதலாகிப் போவதற்குள் மேல்முறையீடு முடியாது. அவருக்கு உருப்படியான ஆயுதத்தைக் கொடுக்காமல் அவரைத் திட்டுவதில் பயனில்லை.

இன்னொன்று, ஏழைகளின் வீட்டை இடிப்பீர்களா என்பது. இது நியாயமான கேள்வி, இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கரையோரம் ஓலைக்கொட்டகை போட்டவருக்கு மாற்று இடமும் வீடும் கொடுத்த பிறகுதான் அவரை எழுப்ப வேண்டும். திருத்தத்தில் அதுவும் இருக்கட்டும். ஆனால் அவரைக் காட்டிக்கொண்டே வரத்துக்காலில் மனை போட்டவர் தப்பிக்கிறார். அரசும் தப்பிக்கிறது. நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மதுரையில் தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சிக் கட்டடம் நிற்கிறது. பேருந்து நிலையம், அலுவலகம், குடியிருப்பு என்று எந்த ஊரை எடுத்தாலும் உள்ளூர்க்காரர் ஒன்றிரண்டு சொல்வார். இனி எந்த அரசுக் கட்டடமும் நீர்நிலையில் எழக்கூடாது என்ற தடை அதே திருத்தத்தில் வர வேண்டும். வந்தால்தான் கொட்டகைக்காரரிடம் முகம் கொடுத்துப் பேச முடியும்.

உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குறைதீர் கூட்டச் செய்தி எழுதும்போது அந்தக் கண்மாய் நீர்வளத் துறையுடையதா, ஒன்றியத்துடையதா, எந்தச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டு அதையும் அச்சிடுங்கள். எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் இதையே மனுவாகக் கொடுத்திருக்கிறேன். 2007 சட்டத்தின் நகலை இணைத்து, எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டும் வைத்திருக்கிறேன். பதில் வந்தால் உங்களுக்கும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர்,
காளையார்கோவில் வட்டம், சிவகங்கை மாவட்டம்.